சில்லுக்கு முன் காரை: வாட்ஸ் கோபுரங்களைப் பார்க்கும் வழி

வியாழன்: வேலிக்கு வெளியே

லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தின் 7ஆம் தெரு மெட்ரோ சென்டரில் ஏ லைன் ரயில் ஏற வேண்டும். லாங் பீச் என்று பலகை போட்ட வண்டி. இறங்கும் இடம் 103ஆம் தெரு/வாட்ஸ் டவர்ஸ். டேப் கார்டில் ஒரு பயணத்துக்கு 1.75 டாலர் கழியும். இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே திசையில் வண்டி மாறினால் மறுபடி கழியாது. நிலையத்தை ஒட்டி, 1904இல் கட்டிய பழைய ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. 1965 ஆகஸ்டில் நடந்த கலவரத்தில் இந்த வாட்ஸ் பகுதி பற்றி எரிந்தபோது இந்தத் தெருவின் கடைகள் வரிசையாகப் போயின. இந்தக் கட்டடம் தப்பியது, நாம் பார்க்கப் போகும் கோபுரங்களும் தப்பின.

தெற்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் 107ஆம் தெரு. சாதாரணக் குடியிருப்புத் தெரு, தாழ்ந்த வீடுகள். அதன் முடிவில் திடீரென்று மூன்று கம்பிக்கூடுகள் வானத்தில் தெரியும். மிக உயரமானது 99.5 அடி. அடுத்தது அதைவிட ஒன்றரை அடிதான் குறைவு. மூன்றாவது 55 அடி. இவற்றோடு சுற்றுச்சுவர், வளைவுகள், ஒரு மண்டபம், ஒரு கப்பல், பறவைத் தொட்டிகள் என்று மொத்தம் 17 அமைப்புகள். எல்லாம் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள முக்கோண மனைக்குள் அடங்கியவை.

கட்டியவர் ஒரே ஆள். இத்தாலியின் ரிபோட்டோலி கிராமத்தில் 1879இல் பிறந்த சபாட்டோ ரோடியா. சைமன், சாம் என்றும் அழைத்தார்கள். பதின்ம வயதில் அமெரிக்கா வந்து சுரங்கம், ரயில் பாதை, கட்டட வேலை, டைல்ஸ் பதிப்பு என்று உழைத்தவர். 1921இல் இந்த மனையை வாங்கும்போது வயது 42. வேலையை நிறுத்தியது 1954இல். பகலில் கூலி வேலை, மாலையிலும் விடுமுறையிலும் இது. உதவியாள் கிடையாது, சாரம் கிடையாது, வரைபடம் கிடையாது.

உள்ளே போக வழிகாட்டியோடுதான் முடியும், அதுவும் எல்லா நாளும் இல்லை. மழை பெய்தால் ரத்து. ஆனால் வேலியைச் சுற்றி நடந்து பார்க்க எந்த நாளும் தடையில்லை. முதல் நாளை அதற்கே ஒதுக்குங்கள், ஒரு தொலைநோக்கி கொண்டு போங்கள். வெறுங்கண்ணுக்குக் கோபுரங்களின் மேல் பதித்த டைல்ஸ், கண்ணாடி, சிப்பிச் சில்லுகளின் நிறம்தான் தெரியும். தொலைநோக்கியில்தான் காரை தெரியும், கம்பி எங்கே ஒட்டுப்போட்டது என்பது தெரியும். வருகிறவர்களில் பெரும்பாலோர் நிறத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இந்த வேலையின் மூளை காரையில் இருக்கிறது.

முதலில் எலும்பு. டி வடிவக் கம்பி, ஆங்கிள், குழாய், கட்டடக் கம்பி, கட்டில் சட்டம் என்று கிடைத்த இரும்பெல்லாம் உள்ளே போயிருக்கிறது. வெல்டிங் எங்கும் இல்லை, போல்ட் இல்லை, ரிவெட் இல்லை. இரண்டு கம்பிகளைச் சேர்க்க வேண்டுமானால் முனைகளைப் பக்கத்தில் பக்கம் ஏற்றிவைத்து, கட்டுக்கம்பியால் இறுக்கி, மேலே கோழிவலை சுற்றி, அதற்குள் சிமென்ட் கலவையைக் கையால் அழுத்தித் திணிப்பது அவர் முறை. ஒட்டு விழுந்த இடம் முழங்கைபோல் கொஞ்சம் தடித்திருக்கும். தொலைநோக்கியில் அந்தத் தடிப்புகளை எண்ணிக்கொண்டே மேலே போனால், கம்பி எந்தெந்த நீளத்தில் கிடைத்தது என்பதுகூடப் பிடிபடும்.

வளையங்களை வளைக்க அவரிடம் இயந்திரம் இல்லை. பக்கத்தில் ஓடிய தண்டவாளத்தின் அடியில் கம்பியைச் செருகி, உடம்பின் எடையால் வளைத்தார். அதனால்தான் எந்த வளையமும் சரியான வட்டமாக இல்லை. அதில் ஒன்றும் கெட்டுவிடவில்லை. நிற்கும் கம்பிகள், சுற்றும் வளையங்கள், இரண்டையும் நடுத்தண்டோடு இணைக்கும் ஆரங்கள் என்று ஒவ்வொரு சந்திப்பும் அடுத்ததைத் தாங்குகிறது. ஒரு வளையம் கோணலானால் சுமை பக்கத்து வளையத்துக்குப் போய்விடுகிறது.

ஏறும் முறைதான் வடிவத்தைத் தீர்மானித்தது. கட்டிய வளையமே அடுத்த வளையத்துக்கு ஏணி. ஜன்னல் துடைப்பவர்கள் போடும் இடுப்பு வாரும், கலவை வாளியும்தான் துணை. நம் பனையேறிகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வளையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். ஒரு குட்டையான மனிதர் கால் வைத்து, கை எட்டிப் பிடிக்கும் அளவு. உச்சியிலும் அதே அளவுதான்.

அஸ்திவாரம் இரண்டடி ஆழம்கூடக் கிடையாது. பொறியாளர்களைத் திகைக்க வைத்தது இதுதான். விடையில் ஒரு பங்கை வெளியில் நின்றே பார்க்கலாம். கோபுரம் முழுக்க ஓட்டை என்பதால் காற்று மோத இடமில்லாமல் ஊடே போய்விடுகிறது. கோபுரங்களை வளைவுகளும் மேல் இணைப்புகளும் ஒன்றோடொன்று கட்டியிருப்பதால் எதுவும் தனியாக நிற்கவில்லை.

வெள்ளி: மலிபுவின் உடைந்த டைல்ஸ்

இன்று வாட்ஸ் போக வேண்டாம். அங்கே சுவரில் இருக்கும் சில்லுகள் முழு டைல்ஸாக இருந்தபோது எப்படி இருந்தன என்று பார்த்துவிட்டு மறுநாள் உள்ளே போனால் கண் இரண்டு மடங்கு வேலை செய்யும். ஈ லைன் ரயிலில் சாண்டா மோனிகா கடைசி நிலையம். அங்கிருந்து கடற்கரைச் சாலையில் மலிபு போகும் 134ஆம் எண் பஸ். இந்தச் சாலை மண்சரிவுக்கும் தீக்கும் அடிக்கடி மூடப்படுவது. 2025 ஜனவரித் தீக்குப் பிறகு மாதக்கணக்கில் பொதுப் போக்குவரத்து இல்லாமல் கிடந்தது. புறப்படும் முன் சாலை நிலவரம் பார்ப்பது நல்லது.

போக வேண்டிய இடம் ஆடம்சன் இல்லம். மலிபு கழிமுகத்தை ஒட்டிய வீடு, 1929–30இல் கட்டியது, வடிவமைத்தவர் ஸ்டைல்ஸ் கிளெமென்ட்ஸ். வீட்டுக்காரம்மாவின் தாயார் மே ரிண்ட்ஜ்தான் மலிபு பாட்டரீஸ் தொழிற்சாலையை 1926இல் தொடங்கியவர். ரிண்ட்ஜ் குடும்பப் பண்ணையிலேயே செம்மண் களியும் வெளிறிய களியும் கிடைத்தன, நீரூற்று இருந்தது, கடலோரத்தில் சூளை. நடத்த வந்தவர் ரூஃபஸ் கீலர். அதற்கு முன் கால்கோ என்ற களிமண் பொருள் நிறுவனத்தை நடத்தியவர். 1931இல் தீவிபத்து, கூடவே பொருளாதார வீழ்ச்சி. 1932இல் தொழிற்சாலை மூடிவிட்டது. ரோடியா வேலை பார்த்த இடங்களில் மலிபு பாட்டரீஸும் ஒன்று. உடைந்ததும் குறைப்பட்டதும் அங்கிருந்து வாட்ஸுக்குப் போயின. கோபுரச் சில்லுகளில் கால்கோ டைல்ஸும் உண்டு.

வழிகாட்டிச் சுற்று வாரத்தில் சில நாட்கள்தான். தோட்டத்தை அதற்கு வெளியிலும் பார்க்கலாம். வீட்டுக்குள் நீளமான நடையில் தரையில் விரித்த பாரசீகக் கம்பளம் ஒன்றைப் பார்ப்பீர்கள். சுமார் 60 அடி நீளம், ஓரத்துக் குஞ்சம் உட்பட முழுக்க டைல்ஸ். வெளியே மயில் நீரூற்று. நாயைக் குளிப்பாட்டக்கூட டைல்ஸ் தொட்டி. காசு இருந்த காலத்து வீடு.

கவனிக்க வேண்டியது நிறங்களுக்கு நடுவே ஓடும் கறுத்த, மெருகற்ற கோடு. எண்ணெய்ப் பசையில் மாங்கனீஸ் கலந்து அந்தக் கோட்டை வரைவார்கள். கோட்டுக்குள் ஒவ்வொரு நிறக் கிளேஸையும், அதாவது சூளையில் கண்ணாடிபோல் ஆகும் மெருகுப்பூச்சையும், சொட்டுச் சொட்டாக நிரப்புவார்கள். பசை நீர்க்கலவையைத் தள்ளுவதால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காது. சூளையில் பசை எரிந்துபோய், கோடு மட்டும் பள்ளமாக நின்றுவிடும். கோடு எங்காவது அறுந்திருந்தால் அங்கே நிறம் ஒழுகும். கிளேஸ் தடித்துப்போனால் சூளையில் வழியும். களியும் கிளேஸும் குளிரும்போது ஒரே அளவு சுருங்காவிட்டால் மேலே மயிர்க்கோடுகள் விழும். இப்படி எத்தனையோ கழிவு. அழகு வீட்டுக்குப் போனது, கழிவு குவியலுக்குப் போனது, குவியலிலிருந்து வாட்ஸுக்குப் போனது.

சில்லை அடையாளம் காண இரண்டு குறி போதும். ஒன்று, அந்தப் பள்ளக் கோடு. இரண்டு, உடைந்த விளிம்பில் தெரியும் உடம்பின் நிறம். செங்கல் நிறமாகவோ வெளிறிய மஞ்சளாகவோ, சற்றுச் சொரசொரப்பாக இருந்தால் இந்தப் பகுதியின் டைல்ஸாக இருக்க வாய்ப்பு. பால்வெள்ளையாக, கண்ணாடிபோல் வழுவழுப்பாக உடைந்திருந்தால் அது சாப்பாட்டுத் தட்டோ தேநீர்க் கோப்பையோ.

சனி: உள்ளே

சுற்றுக்கான சீட்டை மனைக்குப் பக்கத்தில் இருக்கும் வாட்ஸ் டவர்ஸ் ஆர்ட்ஸ் சென்டரில் வாங்க வேண்டும். காலைச் சுற்று நல்லது. கீழ்வெயில் சாய்வாக விழும்போது காரையில் பதிந்த அச்சுகள் நிழலோடு எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

உள்ளே நுழைந்ததும் மேலே பார்க்கத்தான் தோன்றும். சுவரிலிருந்து தொடங்குங்கள். ஈரக் காரையில் ரோடியா தன் கருவிகளையே அச்சாக அழுத்தியிருக்கிறார்: சுத்தி, குறடு, உளி. குழாய்த் திருகின் தலை பூவாகியிருக்கிறது, இரும்பு வேலைப்பாட்டுத் துண்டுகள் கோலமாகியிருக்கின்றன, மக்காச்சோளக் கதிர் அப்படியே பதிந்திருக்கிறது. எஸ், ஆர் என்ற தன் பெயரெழுத்துகளையும் பல இடங்களில் விட்டிருக்கிறார். வீட்டின் முகப்பு மட்டும் மிச்சம். அதில் 1765 என்ற கதவெண். ‘நுவெஸ்ட்ரோ பூவெப்லோ’ (எங்கள் ஊர்) என்று ஸ்பானிய மொழியில் பெயரும் வேறோரிடத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு பகுதியையும் எவ்வளவு கலவையில் முடித்தார் என்று சுவரே சொல்லும். சல்லி சேர்க்காத சிமென்ட், மணல், தண்ணீர். சாதாரணக் கலவை ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறுகத் தொடங்கிவிடும், வெயிலில் இன்னும் சீக்கிரம். அதற்குள் பூசி, சில்லு அழுத்தி, அச்சும் போட்டாக வேண்டும். தாமதித்தால் சில்லு காரைக்குள் இறங்காது, மேலே உட்காரும். சில வருடங்களில் உதிரும். அதனால் ஒரு ஆள் ஒரு வாளியில் சுமந்து ஏறி முடிக்கக்கூடிய பரப்புதான் ஒரு திட்டு. திட்டுகளின் எல்லையில் மெல்லிய கோடு தெரியும். நிறத்தொகுப்பும் அங்கேதான் மாறும். இன்று பச்சைக் கண்ணாடி கையில் இருந்தது, நாளைக்குச் சிப்பி. சில்லுகள் தாறுமாறாக ஒட்டியவை என்று சொல்பவர்கள் இந்தக் கோட்டைப் பார்க்காதவர்கள்.

எந்தப் பொருள் எப்படிப் பிடித்திருக்கிறது என்பதும் ஒன்றுபோல் இல்லை. டைல்ஸின் பின்பக்கம் துளையுள்ளது, காரையின் நீரை உறிஞ்சிக்கொண்டு கெட்டியாகப் பற்றும். ஆனால் காய்ந்த டைல்ஸ் அதிகமாக உறிஞ்சிவிட்டால் ஒட்டுமிடத்துக் காரை நீரில்லாமல் பொடியாகும். அதற்காகத்தான் டைல்ஸ் வேலைக்காரர்கள் முதலில் ஊறவைப்பது. கண்ணாடிக்குத் துளையே இல்லை. காரை அதன் விளிம்பைச் சுற்றி ஏறிப் பிடித்தால்தான் நிற்கும். ரோடியாவின் பச்சைப் புட்டித் துண்டுகளில் விளிம்பு பல இடங்களில் புதைந்திருப்பதைப் பாருங்கள். அவற்றில் செவன் அப், கனடா டிரை முத்திரைகள் இன்னும் படிக்கக் கிடைக்கும். நீலக் கண்ணாடி பெரும்பாலும் மில்க் ஆஃப் மெக்னீஷியா மருந்துப் புட்டி. கணக்கெடுத்தவர்கள் சொல்வது: டைல்ஸ் 15,000, பீங்கான் 11,000, சிப்பி 10,000, நிறக்கண்ணாடி 6,000 துண்டுகள். தெருப் பிள்ளைகளும் உடைந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மண்டபத்தில் கொஞ்சம் உட்காரும் நேரம் கிடைத்தால் தரையைப் பாருங்கள், இதய வடிவங்கள் தெரியும். கிழக்கு மூலையில் மார்க்கோ போலோவின் கப்பல். வழிகாட்டிகள் அதில் அதிக நேரம் செலவழிப்பார்கள். சிற்பமாக அது சுமார்தான் என்பது எங்கள் கருத்து. சுவர்தான் உயர்ந்த வேலை.

1955இல் ரோடியா மனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு மார்டினெஸ் என்ற ஊருக்குப் போய்விட்டார். பிறகு வீடு எரிந்தது. ஆபத்தான கட்டுமானம், இடிக்க வேண்டும் என்று நகராட்சி உத்தரவு போட்டது. வில்லியம் கார்ட்ரைட், நிக்கலஸ் கிங் என்ற இரண்டு இளைஞர்கள் 1959இல் 3,000 டாலருக்கு மனையை வாங்கிக் குழு அமைத்துப் போராடினார்கள். முடிவைத் தந்தது ஒரு சோதனை. விமானத் துறைப் பொறியாளர் பட் கோல்ட்ஸ்டோன் கணக்குப் போட்டு வடிவமைத்தது: கோபுரத்தைக் கம்பிவடத்தால் பக்கவாட்டில் 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,500 கிலோ விசையில் இழுப்பது. 1959 அக்டோபர் 10, கூட்டத்தின் முன்னால் இழுத்தார்கள். கோபுரம் அசைந்தும் அசையாமலும் நின்றது. பழுதானது இழுத்த இயந்திரம். உத்தரவு போயிற்று. 1990இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நின்றுவிட்டது என்பதற்காகச் சும்மா விட முடியவில்லை. 1994 நார்த்ரிட்ஜ் பூகம்பத்தில் சேதமாகி, 2001இல்தான் மறுபடி திறந்தார்கள். பூகம்பம் எப்போதாவது வருவது. தினமும் வருவது வெயில். 30 மீட்டர் உயர இரும்பும் காரையும் 20 டிகிரி சூடேறினால் ஆறேழு மில்லிமீட்டர் நீளும். வெயில் ஒரு பக்கம்தான் அடிக்கிறது. அந்தப் பக்கம் நீள, கோபுரம் எதிர்ப்பக்கம் சாய்கிறது. மாலையில் திரும்புகிறது. ஒவ்வொரு விரிசலும் தினமும் திறந்து மூடுகிறது.

விரிசல் வழியே நீர் போனால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பிருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கும். இடமில்லாததால் காரையைப் பிளந்து தள்ளும், சில்லோடு சேர்ந்து ஒரு பாளம் கீழே விழும். பழைய பழுதுபார்ப்புகள் பல தோற்றதற்குக் காரணம் நேர்மையான தவறு ஒன்று: விரிசலைக் கெட்டியான கலவையால் அடைத்தார்கள். மறுநாள் வெயிலில் அந்த இடம் அசைய வேண்டும், அடைப்பு விடாது. அடைப்பின் ஓரத்திலேயே புது விரிசல், பல நேரம் பழைய நல்ல காரையைக் கிழித்துக்கொண்டு. 2011 முதல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி கலை அருங்காட்சியகம் பராமரிப்பில் இறங்கியபோது முதலில் செய்தது அளப்பது. பல்கலைக்கழகப் பொறியாளர்களோடு சேர்ந்து உணரிகளைப் பொருத்தி, எது எவ்வளவு அசைகிறது என்று பதிவுசெய்தார்கள். அதன் பிறகு விரிசலுக்குள் இழுபடும் தன்மையுள்ள நிரப்பிகளைத் தேடிச் சோதித்தார்கள்.

பழுதுபார்த்த இடங்களைக் கண்டுபிடிப்பது எளிது. காரையின் சாம்பல் நிறம் ஒரு படி மாறியிருக்கும், மேல்பரப்பில் விரல் தடம் இருக்காது. ரோடியாவின் காரையில் விரலும் உள்ளங்கையும் அழுத்திய பள்ளம் எங்கும் உண்டு.

ஞாயிறு: சிப்பி வந்த வழி

பாதி நாள் போதும். ஆர்ட்ஸ் சென்டரின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தால் பாருங்கள். 1960களில் இதன் முதல் இயக்குநராக இருந்த நோவா பியூரிஃபோய், 1965 தீயில் கருகிய குப்பைகளிலிருந்து சிற்பங்கள் செய்தவர். இந்த மனைக்குப் பக்கத்தில் அந்த யோசனை வந்ததில் வியப்பில்லை.

மீதி நேரத்துக்கு ரயிலில் ஏறி லாங் பீச் பக்கம். ரோடியா தண்டவாளத்தை ஒட்டியே நடந்து, வில்மிங்டன் துறைமுகம் வரை பொருள் பொறுக்கிக்கொண்டு போனவர். கடலோரத்தில் கிடைத்த சிப்பிகளில் அவருக்கு மிகவும் பிடித்தது அபலோன். உட்புறம் பச்சையும் ஊதாவுமாக மினுங்கும் பெரிய ஓடு. கோபுரத்தில் அவை குழிந்த பக்கம் வெளியே தெரியும்படி பதிந்திருக்கின்றன. மழைநீர் தங்கும், அழுக்கு சேரும், சுண்ணாம்புப் பொருள் என்பதால் மேல்பூச்சு மெல்லத் தேய்ந்து வெளுக்கும். இன்று ஒன்று விழுந்தால் மாற்றுக்குக் கடற்கரைக்குப் போய்ப் பயனில்லை. தென் கலிபோர்னியாவில் அபலோன் எடுப்பது 1997 முதல் தடை. விழுந்ததையே பொறுக்கி, இருந்த குழியைச் சுத்தம் செய்து, அதே திசையில் திருப்பிப் பதிப்பதுதான் வேலை. சுற்றின்போது தரையில் ஒரு துண்டைக் கண்டால் எடுக்காமல் வழிகாட்டியிடம் இடத்தைக் காட்டுங்கள். எந்தக் கம்பிக்கு நேர் கீழே கிடந்தது என்பதை வைத்துத்தான் மேலே அதன் குழியைத் தேட முடியும்.